வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்குமா?

(காவலுக்கு நாய்க்குட்டி வாங்குவோருக்கு ஒரு வானொலி உரை)



மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மடியைத் தடவிப் பார்க்கிறோம். இரண்டு வேளை கறந்து பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. ஆனால் ஆட்டுப்பட்டிக்கு நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும், "பார்க்க அழகா இருக்குதே" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மீஞ்சூர் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். இருபது வெள்ளாடு வைத்திருப்பவர். ஒரு ராத்திரி தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் குதறிப் போட்டுவிட்டன. காவலுக்கு நாய் வேண்டும் என்று திருவொற்றியூரில் ஒரு வீட்டில் ராஜபாளையம் நாய்க்குட்டி பார்த்திருக்கிறார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கூடப் போன பேத்திக்கு அதை விட மனசில்லை. அட்வான்ஸும் கொடுத்தாயிற்று.

"எல்லாம் சரிங்க டாக்டர். தட்டுச் சத்தம் கேட்டு மத்த குட்டிங்க ஓடியாந்துச்சு. இது மட்டும் படுத்தே கிடந்துச்சு. கேட்டா, 'அது சாது'ன்றாரு விக்கிறவரு. வாங்கலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இந்த இனத்து நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பது உண்டு. காரணம் அந்த வெள்ளை நிறமேதான். தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற அணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. அங்கே அவை இருந்தால்தான் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் பிழைத்திருக்கும். மிக வெளுத்த குட்டிகள் சிலவற்றுக்கு உள்காதில் நிற அணுக்கள் இல்லாமல் போகின்றன. பிறந்த சில வாரங்களிலேயே அந்த மயிரணுக்கள் பட்டுப் போகின்றன. ஒரு காதும் போகலாம், இரண்டும் போகலாம். பிறகு எந்த மருந்துக்கும் அது திரும்பாது. புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்க்கும் இதே குறை உண்டு. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 டால்மேஷியன்களுக்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்கவில்லை.

அதற்காக வெள்ளைக் குட்டியெல்லாம் செவிடு என்று எண்ண வேண்டாம். சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிச் சோதிப்பது? குட்டிக்கு ஆறு வாரம் கடந்திருக்க வேண்டும். முதலில் அதைத் தனியே பிரித்து வையுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றவை ஓடுவதைப் பார்த்து இதுவும் ஓடும்; காது கேட்பது போலவே தோன்றும். அது வேறு பக்கம் பார்க்கும்போது, பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக் கொத்தை ஆட்டுங்கள். காகிதத்தைக் கசக்குங்கள். விசில் அடியுங்கள். கை தட்டினால் காற்று மேலே படும், காலைத் தட்டினால் தரை அதிரும். அதனால் அவை இரண்டும் கூடாது. குட்டி தூங்கும்போதும் ஒரு தடவை பாருங்கள். தொடாமல், சத்தத்துக்கு மட்டும் விழிக்கிறதா? ஒரு முறை திரும்பவில்லை என்பதற்காக முடிவு கட்டிவிடாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் இருக்கலாம். இடைவெளி விட்டு, வேறு வேறு சத்தத்தில் பல முறை பார்க்க வேண்டும்.

நம் விவசாயி மறுபடியும் போய்ப் பார்த்தார். அந்த வீடு சாலையோரம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று கடந்தபோது, படுத்திருந்த குட்டி சட்டென்று எழுந்தது. "பாருங்க, கேக்குதே!" என்றார் விற்பவர். அவர் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார். ஆனால் லாரி போனால் தரையே அதிரும். குட்டி அதைக் காலால் உணர்ந்ததே தவிர, காதால் கேட்கவில்லை. குட்டியை உள்ளறைக்குக் கொண்டு போய், மெத்தை மேல் விட்டு, பின்னாலிருந்து சாவியை ஆட்டினார்கள். அசையவே இல்லை. ஐந்தாறு தடவை பார்த்தும் அதே கதைதான். பிறகு மருத்துவரிடம் காட்டியதில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

சரி, அப்படியானால் வாங்கலாமா? நாய் உங்களுக்கு எதற்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது அது. பட்டிக் காவலுக்கு என்றால் வேண்டாம். இருட்டில் வருகிற திருடனையும் தெருநாயையும் அது கேட்காது. சாலைப் பக்கம் போனால் பின்னால் வருகிற லாரியின் ஹாரனும் அதற்குக் கேட்காது. தூங்கும்போது குழந்தை திடீரென்று தொட்டால் மிரண்டு கடித்தாலும் கடிக்கும். சுற்றுச்சுவர் உள்ள வீட்டில், கைச் சைகையால் பழக்கி, வெளியே போனால் கயிற்றோடு மட்டும் கூட்டிப் போகிற பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வளர்க்கலாம். அதுவும் நல்ல நாய்தான்.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டி காவலுக்கு உதவும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில்தான் தடுமாறும். இந்தக் குறையை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி யோசனை கேளுங்கள். ஒரு காது போனாலும் இரண்டும் போனாலும், அந்த நாயை இனத்துக்கு விடக் கூடாது. குறை அடுத்த ஈற்றுக்கும் போகும். கருத்தடை செய்துவிடுவது நல்லது.

இதில் நம் தவறும் உண்டு. பால் வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, திட்டு விழுந்த குட்டிகளைக் கழித்துக்கொண்டே வந்தோம். காதில் நிறத் திட்டு உள்ள குட்டிக்கு இந்தக் குறை வர வாய்ப்புக் குறைவு என்று டால்மேஷியனில் கண்டிருக்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காக்க 1980-81-ஆம் ஆண்டிலேயே சென்னை சைதாப்பேட்டையில் அரசு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கப்பட்டது. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையும் வந்தது. அப்பேர்ப்பட்ட இனத்தை வெளுப்புக்கு மட்டும் விலை கொடுத்து நாமே கெடுக்கலாமா?

பணம் கொடுக்குமுன் இன்னும் மூன்று விஷயம். இரண்டு மாதம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு விதி. அதற்கு முன் வாங்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு கேளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் மறக்காமல் போடுங்கள். மருத்துவர் பார்த்துக் குறை சொன்னால் பணம் திரும்ப வரும் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் போகிறதே என்று குறையுள்ள குட்டியைக் காவலுக்கு வாங்கினால், பிறகு போவது ஆடு.

நம் விவசாயி என்ன செய்தார்? அதே ஈற்றில் காதோரம் பழுப்புத் திட்டு விழுந்த குட்டி ஒன்று, யாரும் கேட்காமல் கிடந்தது. சாவிச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் திரும்பியது. விலையும் குறைவு. அதையே வாங்கினார். வெள்ளைக் குட்டியை அந்த வீட்டுக்காரரே வைத்துக்கொண்டார். பேத்தி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாளாம். மூன்றாம் நாள், அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திட்டுக்குட்டி பட்டியிலிருந்து ஓடி வந்ததாம். அப்புறம் கோபம் ஏது?