கல்யாணிலிருந்து பிலடெல்பியாவுக்கு

டோம்பிவிலியில் கல்யாண் செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறினால், டாகுர்லியை அடுத்து வருவது கல்யாண். அவ்வூரில் 1865 மார்ச்சு 31ஆம் நாள் யமுனா என்னும் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது வயதில் கோபால்ராவ் ஜோஷி என்னும் அஞ்சல் துறை எழுத்தருக்கு மணம் செய்விக்கப்பெற்று, யமுனா ஆனந்திபாய் ஆனார். பதினான்காம் வயதில் அவர் ஈன்ற ஆண் மகவு தக்க மருத்துவம் இன்றிப் பத்தே நாள்களில் இறந்தது. பெண் மருத்துவரைக் காண்பதே அரிதாக இருந்த காலம் அது. தாமே மருத்துவராவது என்று அவர் உறுதி பூண்டார்.

எங்கே படிப்பது? சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. தமிழராகிய நமக்கு அது பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் ஆனந்திபாய் அதனை நாடவில்லை. 1883 பிப்ரவரியில் வங்காளத்துச் சேராம்பூர்க் கல்லூரியில் ஆங்கிலத்தில் உரையாற்றியபோது அதற்குக் காரணம் கூறினார். இந்நாட்டில் பெண்களுக்குத் தரப்படும் மருத்துவக் கல்வி குறையுடையது. கற்பிப்போர் பழமைப் பற்றும் ஓரளவு பொறாமையும் உடையோர் என்றார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை! தமக்கு எக்கல்லூரி ஏன் ஏற்றதன்று என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடிய மாணவர் இன்றும் மிகச் சிலரே.

உதவி எளிதில் கிடைக்கவில்லை. கோபால்ராவ் 1880இல் கடிதம் எழுதிய அமெரிக்கச் சமயப் பணியாளர், மதம் மாறினால் உதவுவதாகக் கூறினார். தம்பதியர் அதற்கு இசையவில்லை. ஆனால் அக்கடிதம் ஓர் இதழில் வெளியாயிற்று. நியூஜெர்சியின் ரோசல் என்னும் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர், பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது அதனைப் படித்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பே, 1883 ஜூனில் நியூயார்க்கில் வந்திறங்கிய ஆனந்திபாய்க்கு ஒரு வீட்டைத் தந்தது.

அவர் தேர்ந்தது பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. 1850இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பெற்றது அது. சேர்க்கை கிடைத்தது, வாழ்க்கை கடினமாயிற்று. புலால் உண்ணாதவர் அயலூரில் எதை உண்பது? கணுக்கால் தெரியும் ஒன்பது கஜப் புடவை அந்நாட்டுக் குளிரைத் தாங்குமா? புடவையைக் கைவிட அவர் விரும்பவில்லை. குஜராத்தி முறையில் கால்களை மறைத்து உடுத்தத் தொடங்கினார். தங்கிய அறையின் கணப்படுப்போ மூட்டினால் புகை, மூட்டாவிட்டால் குளிர். இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட முடியாது. அவர் உடல் நலிந்தது அங்கேதான்.

எனினும் அவர் தனித்து இருக்கவில்லை. ஜப்பானின் கேய் ஒகாமியும் சிரியாவின் சபாத் இஸ்லாம்பூலியும் உடன் பயின்றனர். மூவரும் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்திருக்கும் 1885ஆம் ஆண்டு ஒளிப்படம் இன்றும் உள்ளது. நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

அதே பிலடெல்பியாவின் சுற்றுப்புறத்தில் இன்று ஸ்வார்த்மோர், ஹேவர்போர்டு, பிரின்மார் போன்ற பல்துறைக் கல்விக் கல்லூரிகள் உள்ளன. இங்கே மாணவர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டுவதில்லை. கணிதம் பயில்பவர் இசையும் வரலாறும் சேர்த்துப் பயிலலாம். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் இறுதியில் முடிவு செய்தால் போதும். பதினோராம் வகுப்பிலேயே பிரிவு தேர்ந்துவிடும் நமக்கு இது புதுமையாகத் தோன்றும். உங்கள் அண்ணனோ அக்காளோ அங்குச் செல்ல எண்ணினால், தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்க்க வேண்டாம் என்று கூறுங்கள். அயல்நாட்டு மாணவருக்கு உதவித்தொகை எவ்வளவு, விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா, உணவுக்கூடத்தில் என்ன கிடைக்கும், நோயுற்றால் யாரை அணுகுவது என்று கல்லூரிக்கே எழுதிக் கேட்கலாம். இவற்றைக் கேட்பது நாணத்தக்கதன்று.

ஆனந்திபாய் 1886 மார்ச்சில் மருத்துவப் பட்டம் பெற்றார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் காசநோயுடன் அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பியவர், 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் காலமானார். வயது இருபத்தொன்று. அவருடைய சாம்பல் கடல் கடந்து கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சி நகரில், அக்குடும்பத்தாரின் கல்லறைகளுக்கிடையே அது இடம்பெற்றுள்ளது.