பாடபேதமும் பற்றுக்கணக்கும்: 1638 மட்டக்களப்பு உடன்படிக்கை பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

எழுச்சி பெறும் வல்லரசுகள் சட்டத்தையும் நிதியையும் கருவிகளாகக் கொண்டு பிற நாடுகளில் தம் ஆதிக்கத்தை விரிக்கும் முறை, அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்ட நாள்முதல் நம் நாட்டில் ஓயாத விவாதப் பொருளாக இருந்து வருகின்றது. இது நம் காலத்தில் தோன்றிய புதுமை என்று கருதுவோர் பலர். ஏறாவூரிலிருந்து வாவியை ஒட்டித் தெற்கே சென்றால் புளியந்தீவில் நிற்கும் பழைய கோட்டையை அடையலாம். இம்முறையின் ஆரம்ப வடிவங்களுள் ஒன்றை அக்கோட்டையின் வரலாற்றிலேயே நாம் காணலாம்.

பதினேழாம் நூற்றாண்டின் எழுச்சி பெறும் வல்லரசு ஒல்லாந்து ஆகும். அந்நூற்றாண்டின் தலைமையான முதலாளித்துவ நாடு என அதனை மார்க்ஸ் 'மூலதனம்' நூலிற் குறிப்பிடுவர். 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, பங்கு மூலதனத்தில் இயங்கிய வணிக நிறுவனமாயினும், போர் தொடுக்கவும் கோட்டை கட்டவும் உடன்படிக்கை செய்யவும் அரச அதிகாரம் பெற்றிருந்தது. அதற்கு வேண்டிய சட்டக் கோட்பாட்டை வகுத்தளித்தவர் ஹியூகோ குரோஷியஸ். கடல் யாவர்க்கும் பொது என்பது 1609இல் வெளிவந்த அவரது நூலின் வாதம். போர்த்துக்கேயரின் ஏகபோகத்தை உடைக்க அவ்வாதம் உதவிற்று. ஆயின் 1613இல் இலண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில், நறுமணப் பொருள் விளையும் தீவுகளில் ஒல்லாந்தர் செய்துகொண்ட ஏகபோக ஒப்பந்தங்களை அதே குரோஷியஸ் ஆதரித்து வாதாடினார். ஆங்கிலேயரோ அவரது நூலையே அவருக்கு எதிராக எடுத்துக்காட்டினர். வாசலுக்கு வெளியே நிற்பவனுக்குச் சுதந்திரம் கோட்பாடாகின்றது. உள்ளே நுழைந்தபின் ஒப்பந்தம் கோட்பாடாகின்றது.

போர்த்துக்கேயரை வெளியேற்ற விரும்பிய கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் தானே ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638 மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. அம்மாதம் 23ஆம் திகதி மன்னனுக்கும் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதில் இரு கூறுகள் நம் கவனத்துக்குரியவை. போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய விளைபொருள்களால் ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒன்று. கைப்பற்றப்படும் கோட்டைகளிற் காவற்படை நிறுத்துவது மற்றொன்று.

இவ்விரண்டாவது கூற்றிலேதான் பாடபேதம் உள்ளது. மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை நிறுத்தப்படும் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தப் படியில் அந்நிபந்தனை இல்லை. சுவடிகளில் பாடபேதம் காண்பது இலக்கிய மாணவராகிய நமக்குப் பழக்கமான பணி. அங்கே ஒரு சொல் மாறினால் செய்யுளின் பொருள் மாறும். இங்கே ஒரு தொடர் விடுபட்டமையால் கோட்டைகளின் உரிமை மாறிற்று.

நிதியின் பங்கு அதற்கடுத்து வருவது. மட்டக்களப்பும் திருகோணமலையும் பின்னர் மன்னனிடம் கையளிக்கப்பட்டன. கறுவா நாட்டின் வாயிலாகிய காலியோ, கடன் தீரும்வரை ஈடு என்ற பெயரில் ஒல்லாந்தரிடமே தங்கிற்று. கணக்கேட்டை எழுதியவரும் அவரே. கோட்டைகளைக் காக்கும் செலவைக் கடனிற் சேர்த்தவரும் அவரே. இத்தகைய கடன் தீர்வதற்கென்று எழுதப்படுவதன்று. 1656இல் கொழும்பு வீழ்ந்தது. அதுவும் மன்னனுக்குக் கிடைக்கவில்லை. 1668 அளவில் ஒல்லாந்தர் கீழைத் துறைகளுக்கு மீண்டும் வந்தனர். 1766 உடன்படிக்கை தீவின் கரை முழுவதையும் அவர்க்கு உரியதாக்கிற்று. கம்பனியின் வணிகக் கட்டுப்பாடுகளால் நசுங்கியவர்களுள் முஸ்லிம் வணிகரும் கரையோரக் குடியானவரும் முக்கியமானவர்கள். கைச்சாத்திட்ட மேசையில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

இன்றைய நிலையை இதனோடு அப்படியே சமப்படுத்துவது ஆய்வாகாது. அம்பாந்தோட்டையிற் கிடைத்த 112 கோடி டொலர் அத்துறைமுகத்தின் கடனை அழிக்கவில்லை. வெளிநாட்டு நாணய ஒதுக்கைப் பெருக்கவே பயன்பட்டது. கடன் அரசின் கணக்கிலேயே நின்றது. மேலும், சீனாவை மட்டும் சுட்டுவது பாதி உண்மையே. 2007 முதல் விற்கப்பட்ட சர்வதேச இறைமைப் பிணைமுறிகள் நியூயோர்க் சட்டத்துக்கு உட்பட்டவை. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் செலுத்துதலை இடைநிறுத்தியதும், சில வாரங்களிலேயே பிணைமுறியாளர் ஒருவரின் வழக்கு அந்நகர நீதிமன்றில் எழுந்தது. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்ற திருகோணமலை எண்ணெய்க் குதங்கள், 2022 ஜனவரியில் உடன்பாடாக உருப்பெற்றன. 61 குதங்களுக்கான கூட்டு நிறுவனத்தில் 49 வீதம் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளைக்குரியது.

அந்நிய வல்லரசின் தந்திரத்தை மட்டும் பேசினால், கைச்சாத்திட்ட உள்நாட்டு ஆளும் வர்க்கம் தப்பிவிடுகின்றது. இராஜசிங்கனுக்கு ஓர் எதிரியை அகற்றும் அவசரம் இருந்தது. பின்வந்தோர்க்கு அடுத்த தேர்தல் வரை காலந்தள்ளும் அவசரம் இருந்தது. செலவு இரு காலத்திலும் மக்கள் தலையிலேயே விழுந்தது. எனவே நம் கோரிக்கை எளியது: நாட்டைக் கட்டுப்படுத்தும் ஒவ்வோர் ஒப்பந்தமும் கைச்சாத்தாகு முன் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்படல் வேண்டும். அதைச் சொல் சொல்லாக வாசிக்கும் பயிற்சியை மக்களுக்கு அளிப்பது, பாடபேதம் ஆராயக் கற்ற நம் போன்றோரின் கடமையாகும்.