வேற்றுமுகம் அறியும் வயது

கைக்குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பாசப் பிணைப்பு பிறந்த அன்றே முழுதாக அமைந்துவிடுவதில்லை. அழுதால் தூக்குவது, பசித்தால் பாலூட்டுவது, முகம் பார்த்துக் கொஞ்சுவது என அன்றாடப் பராமரிப்பில் அது வளர்கிறது. ஆறாவது வாரத்தையொட்டிக் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறது. ஏழெட்டு மாதத்தில் புதியவர் தூக்கினால் வீறிடுகிறது. வீடுகளில் இதை ‘வேத்துமுகம்’ என்பார்கள். தன்னுடையவர் யார் என்று குழந்தை தெரிந்துகொண்டதற்கு அது அடையாளம்.

தாயன்பு கிடைக்காத குழந்தைகளின் மனநலப் பாதிப்பை பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் விளக்கினார். தாயைப் போலவே தந்தையோடும் பாட்டியோடும் பிணைப்பு உருவாகும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. முகங்கள் ஓயாமல் மாறுவதும் அழுகைக்கு யாரும் வராததும்தான் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வும் பிணைப்பைத் தளர்த்தலாம். அது சோம்பலன்று, சிகிச்சையால் குணமாகும் நோய்.

முகங்கள் மாறும் மிரட்சி திருவிழாக் கூட்டத்திலும் நேரலாம். திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழிகிறது. அந்த நெரிசலில் குழந்தை கைதவறலாம். மணிக்கட்டில் பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டை கட்டுவது எளிய காப்பு. வழிதவறிய குழந்தையைக் கைமாற்றிக்கொண்டே இராமல், பெற்றோர் வரும்வரை ஒருவரே வைத்திருந்தால் அதன் மிரட்சி குறையும்.

தனித்துவிடப்பட்ட குழந்தை தவறானவர் கையில் சிக்கவும் கூடும். குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 5 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. கோயில் வாசலில் கண்டெடுத்த குழந்தையை, நல்லெண்ணத்தோடுகூட, வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். வளர்க்க இயலாத பெற்றோர் இக்குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். மறுபரிசீலனைக்கு 2 மாத அவகாசம் உண்டு. காப்பகம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கோட்பாடு.

வேலைக்குப் போகும் தாய்க்குச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை, முதல் இரு குழந்தைகளுக்கு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் பணிநேரக் குழந்தைக் காப்பகமும் கட்டாயமானது. கூலி வேலைக்கு பெங்களூருக்கோ சென்னைக்கோ செல்லும் பெற்றோர் குழந்தையை ஊரில் விட நேர்ந்தால், நாளுக்கு ஒருவரிடம் மாற்றாமல் பழகிய ஒருவரிடமே விடுவது நல்லது.

மூன்று மாதமாகியும் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாயின் மனச்சோர்வுக்கு 14416, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா எண்கள்.