மார்பில் பாய்ந்த ஆணியைப் பிடுங்கலாகாது

நமது சங்கக் கூடங்களிலும் தோட்டங்களிலும் விசைக் கருவிகள் பெருகிவிட்டன. இரும்பு அறுக்கக் கிரைண்டர், பெட்டி செய்யக் காற்றழுத்த ஆணித் துப்பாக்கி, வரப்பில் புல் வெட்டும் இயந்திரம் எனப் பலவும் வந்துள்ளன. உழைப்பைக் குறைக்கும் இவையே, சிறிது கவனம் பிசகினால், உடைந்த சக்கரத் துண்டையோ ஆணியையோ கம்பித் துண்டையோ மார்புக்குள் செலுத்திவிடக் கூடும். இத்தகைய விபத்து அபூர்வமே. ஆயினும் நேர்ந்துவிட்டால், அருகிலிருப்போர் முதற் சில நிமிஷங்களில் செய்வதைப் பொறுத்து உயிர் நிற்கலாம். ஆதலின் அங்கத்தினர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

அபாயம் யாது?

இருதயத்தை உறுதியான ஒரு பை சூழ்ந்துள்ளது. அது திடீரென விரிந்து கொடுப்பதில்லை. இருதயத்தில் துளை விழுந்து, 150 முதல் 200 மில்லிலிட்டர் இரத்தம் அப்பைக்குள் விரைந்து தேங்கினாலே இருதயம் நெருக்குண்டு, நிரம்ப இயலாமற் போகலாம். ஆகவே வெளியே சிந்திய இரத்தம் சிறிதென்று கண்டு, காயமும் சிறிதென்று எண்ணலாகாது.

கழுத்து நரம்பு புடைத்தல், இரத்த அழுத்தம் தாழ்தல், இருதய ஒலி மங்குதல் என்னும் மூன்று குறிகளை அமெரிக்க ரண சிகிச்சை நிபுணர் கிளாட் பெக் 1935இல் எடுத்துரைத்தார். மூன்றும் எப்பொழுதும் சேர்ந்து தோன்றுவதில்லை. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், தளர்ந்து விரையும் நாடி, பரபரப்பு ஆகியனவும் அபாயக் குறிகளே. குறி ஒன்றும் இல்லையெனினும், மார்பை ஊடுருவிய காயத்திற்கு மருத்துவமனையே புகலிடம்.

செய்ய வேண்டுவன

1. கருவியை நிறுத்தி, 108க்கு உடனே தொலைபேசியில் அழைத்து, “மார்பில் ஆணி பாய்ந்துள்ளது” என்று தெளிவாகக் கூறுக.

2. பாய்ந்த பொருளைப் பிடுங்கவோ அசைக்கவோ வேண்டாம். அதுவே துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம். இரக்கத்தால் பிடுங்கிய கையே இரத்தப் பெருக்கைத் திறந்துவிடும். இருபுறமும் துணிச் சுருளை வைத்து, அது அசையாமற் காக்க.

3. மூச்சு விட எளிதான நிலையில் சாய்த்து வைக்க. மயங்கினால் படுக்க வைக்க. உண்ணவும் பருகவும் எதுவும் தரலாகாது.

4. காற்றை உறிஞ்சும் காயத்தை இறுக மூடிக் கட்ட வேண்டாம்.

மருத்துவமனையில்

படுக்கையருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன், இருதயத்தைச் சூழ்ந்த இரத்தத்தைச் சில நிமிஷங்களில் காட்டும். ஊசியால் இரத்தத்தை எடுப்பது தற்காலிக உதவியே. உறைந்த இரத்தம் ஊசியில் வாராது. மார்பைத் திறந்து, துளையைத் தைப்பதே முடிவான சிகிச்சை. பொருளை அகற்றுவதும் அங்கேதான். எனவே ரண சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையை விரைந்து அடைதல் வேண்டும்.

இருதயக் காயத்தைத் தைக்க இயலாதென்றே வெகுகாலம் கருதினர். 1896இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், கத்திக்குத்துப்பட்ட இளைஞர் ஒருவரின் இருதயத்தை லுட்விக் ரேன் என்னும் மருத்துவர் பட்டு நூலால் மூன்று தையலிட்டுக் காப்பாற்றினார். நெசவாளர் கையாளும் பட்டே அன்று உயிரையும் கட்டி நிறுத்தியது.

வருமுன் காத்தல்

கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றலாகாது. வெடிப்புள்ள சக்கரத்தைப் பூட்டலாகாது. ஆணி சிக்கினால், காற்றுக் குழாயைக் கழற்றிய பின்னரே தொடுக. புல் வெட்டும்போது பிறர் 15 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். 108 என்னும் எண்ணையும், ரண சிகிச்சை வசதியுள்ள அண்மை மருத்துவமனையின் பெயரையும் ஒவ்வொரு சங்கமும் தன் கூடத்துச் சுவரில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். செலவு ஒரு குவளைச் சாயமே. காக்கப்படுவது ஓர் அங்கத்தினரின் உயிர்.