பசுமை டயர்: தாவரப் பொருள் என்றால் போதுமா?

கலிஃபோர்னியாவில் டயர் விற்கும் நிறுவனங்கள், டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருளுக்கு மாற்று தேடும் முதற்கட்ட ஆய்வை 2024 மார்ச் 29-க்குள் மாநில நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம் தந்தாக வேண்டியிருந்தது. வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: தேயிலையிலும் மரத்திலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கும்போது, டயரில் அதையே சேர்த்தால் என்ன?

6பிபிடி செய்யும் வேலை என்ன?

காற்றிலுள்ள ஓசோன், ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளை அறுக்கும். டயரில் வெடிப்பு விழும். 6பிபிடி ரப்பருக்குள்ளிருந்து மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ரப்பருக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. மேலே தீரத் தீர, உள்ளிருந்து புதிது வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த வினையில்தான் 6பிபிடி-குயினோன் பிறக்கிறது. தேய்ந்த டயர்த் துகளிலிருந்து அது மழைநீரோடு ஓடைக்குப் போகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் சாவதற்கு இதுவே காரணம் என்று 2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். லிட்டருக்கு 100 நானோகிராம் இருந்தாலே பாதி மீன்கள் செத்துவிடும். டயரைக் காப்பதும் மீனைக் கொல்வதும் ஒரே வினை.

தாவரப் பொருள் ஈடுகொடுக்குமா?

பாதி வேலைக்கு, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட் வேலைக்கு, ஈடுகொடுக்கும். வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் ரப்பர் மூப்படையும்போது உருவாகும் ஃப்ரீ ராடிக்கல்களை, மரத்தின் லிக்னினும் தேயிலையின் பாலிஃபீனாலும் ஹைட்ரஜன் கொடுத்து அடக்குகின்றன. ரப்பர் பாலிலேயே வைட்டமின் இ வகையைச் சேர்ந்த டோகோட்ரையீனால்கள் உண்டு. ஓசோன் வேறு எதிரி. அதைத் தடுக்கும் பொருள் மேற்பரப்புக்கு நகர்ந்து வர வேண்டும். பெருமூலக்கூறான லிக்னினால் அது முடியாது. நகரக்கூடிய சிறு மூலக்கூறு கிடைத்தாலும் கவலை தீராது: ஓசோன் பட்டதும் அது என்னவாக மாறும்? 'இயற்கையானது' என்ற விளம்பரம் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறது, என்னவாக மாறும் என்பதைச் சொல்வதில்லை.

6பிபிடிக்குத் தடை வந்துவிட்டதா?
இல்லை, மாற்று தேடத்தான் கட்டளை.

இயற்கை ரப்பர் டயருக்கு ஓசோன் பாதுகாப்பு தேவையில்லையா?
தேவை, அதிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு.

எல்லா மீன்களும் சாகுமா?
இல்லை, சம் சால்மன் தாங்குகிறது, ரெயின்போ டிரவுட் தாங்குவதில்லை.

பசுமை டயர் என்று விற்பவரிடம் எதைக் கேட்பது?
சேர்த்த பொருளை ஓசோனில் வைத்து, அதிலிருந்து வந்ததை மீன்களிடம் சோதித்தீர்களா என்று.