ஊர்ப்பெயரிலிருந்து உள்ளூர் வரலாறு

ஆவடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டபோது பல கைகள் ஒன்றாக உயர்ந்தன. இராணுவ வாகனங்களையும் வெடிமருந்துக் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தாம் ஆவடி என்றார்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டது. நான் மறுக்கவில்லை, கரும்பலகையில் மூன்று ஆண்டுகளை மட்டும் எழுதினேன்.

1955 ஜனவரி: யு.என். தேபர் தலைமையில் ஆவடி காங்கிரஸ் மாநாடு. சோசலிச மாதிரிச் சமுதாயமே இலக்கு எனத் தீர்மானம்.
1961: கனரக வாகனத் தொழிற்சாலை தொடக்கம்.
1965: அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி.

டாங்கித் தொழிற்சாலைக்கு முன்பே பெயர் இருந்ததை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்து இலக்கணம். ஆ + அடி = ஆவடி; இடையில் வகர உடம்படுமெய். ‘ஆ’ என்றால் பசு. மாடுகள் மேய்ந்த இடமோ என்று ஒரு மாணவி கேட்டாள். இருக்கலாம், ஆனால் பிரித்து எழுத முடிகிறது என்பதே சான்றாகாது. ஊகத்துக்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தக் கேள்வி எங்களை நிலத்துக்கு அழைத்துச் சென்றது. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் இன்றும் இருக்கின்றன. ஏரி என்றால் மதகு, பாசன வயல், உபரிநீர் வெளியேறும் கலங்கல் எல்லாம் சேர்ந்தது. கிராமக் கணக்கில் கால்நடைகளுக்கென ஒதுக்கிய பொதுநிலம் ‘மேய்க்கால் புறம்போக்கு’.

இந்த நிலத்தைத் தொழில் தேடி வந்ததற்குக் காரணங்கள் உண்டு: சமவெளி, சென்னையின் அருகாமை, 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை போடப்பட்ட இரயில் பாதை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1960-களில் தொழிற்பேட்டை உருவானது. பல மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் குடியேறினார்கள், வயல்கள் மனைகளாயின. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது.

நம் வகுப்பில் இருப்பவர்கள் அப்படிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள். தெருவுக்கு முன் அங்கே வாய்க்கால் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. வயல் போனாலும் மழைநீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். 2015 வெள்ளத்தில் கண்ட உண்மை இது. ஆகவே இந்த வரலாறு தேர்வுக்கு வராவிட்டாலும் வாழ்க்கைக்குத் தேவை.

வகுப்பில் செய்து பார்க்கச் சில செயல்பாடுகள்:

1. தெரு, பேருந்து நிறுத்தப் பெயர்களில் ஏரி, மேடு, தாங்கல், பாக்கம் போன்ற சொற்களைத் தொகுத்தல்.
2. கிராம நிர்வாக அலுவலரின் உதவியோடு பழைய கிராம வரைபடத்தைப் பார்த்து, இன்றைய வரைபடத்துடன் ஒப்பிடுதல்.
3. மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதுதல்: மாடு எங்கே மேய்ந்தது? தண்ணீர் எந்த வழியாகப் போனது?
4. ஒவ்வொரு செய்தியின் எதிரிலும் ‘சான்று உண்டு’, ‘சொல்லக் கேட்டது’ என்று குறித்தல்.

நான்காவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றையும் வரலாறாக்குவது அதுதான்.