இடிபாடுகளிலிருந்து எழுந்த நகரம்

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சா. அந்நகரின் பழைய பகுதியில் தெருக்கள் குறுகலானவை. எனவே, சுற்றுப்பயணிகள் வழிகாட்டியைப் பின்தொடர்ந்து நடந்தே அதனைச் சுற்றிப் பார்க்கின்றனர்.

நடைப்பயணம் பெரும்பாலும் அரண்மனைச் சதுக்கத்தில் தொடங்கும். அங்கே 22 மீட்டர் உயரத் தூணின் உச்சியில் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்டின் சிலை நிற்கிறது. நாட்டின் தலைநகரைக் கிராக்கோவிலிருந்து வார்சாவுக்கு மாற்றியவர் இவர். இந்த நினைவுச்சின்னம் 1644ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. ஆயினும், இன்று சிலையைத் தாங்கி நிற்பது புதிய தூணாகும். 1944இல் உடைந்து விழுந்த தூணின் துண்டுகள் அரண்மனை அருகே வைக்கப்பட்டுள்ளன.

அந்தத் துண்டுகள் ஒரு துயர வரலாற்றைச் சொல்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி வார்சாவைக் கைப்பற்றியிருந்தது. 1944 ஆகஸ்ட் முதலாம் நாள் நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 63 நாள் போராட்டம் தோல்வியில் முடிந்தது. நாஜிப் படையினர் கட்டடங்களுக்குத் தீ வைத்தனர். வெடி வைத்தும் தகர்த்தனர். பழைய நகரில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அழிந்தது.

போருக்குப் பிறகு, தலைநகரை வேறோர் ஊருக்கு மாற்றலாம் என்ற யோசனையும் எழுந்தது. மக்களோ தங்கள் நகரை முன்பிருந்தவாறே மீண்டும் கட்ட விரும்பினர். அதற்கு இரண்டு பதிவுகள் கைகொடுத்தன. ஒன்று, 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் தீட்டிய வார்சா நகரக் காட்சிகள். மற்றொன்று, கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன்பே பழைய கட்டடங்களை அளந்து வரைந்த வரைபடங்கள். போர்க்காலத்தில் அவை ஒரு மடாலயத்தில் மறைத்துக் காக்கப்பட்டன.

சதுக்கத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் பழைய சந்தைத் திடலை அடையலாம். அதைச் சுற்றிலும் வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுப் பழைமை வாய்ந்தவையாகத் தோன்றும் இவ்வீடுகளில் பெரும்பாலானவை, 1953ஆம் ஆண்டுக்குள் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டவை. இடிபாடுகளிலிருந்து எடுத்த செங்கற்களும் இப்பணிக்குப் பயன்பட்டன. அரண்மனையை மீட்டெழுப்பும் பணி 1971இல்தான் தொடங்கியது. அதற்குப் பொதுமக்கள் நன்கொடை வழங்கினர். இன்று அந்த அரண்மனைக்குள் பெல்லோட்டோவின் ஓவியங்களையும் காணலாம்.

1980ஆம் ஆண்டு யுனெஸ்கோ, வார்சாவின் பழைய நகரை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. கட்டடங்களின் வயதைவிட, அவற்றை மீட்டெடுத்த மக்களின் உழைப்பே இங்கு மதிக்கப்பட்டது. மாணவர்கள் அன்று வரைபடங்களை வரையாமலும், பிறர் அவற்றைப் பாதுகாக்காமலும் இருந்திருந்தால், இன்றைய பயணிகள் நடந்து பார்க்க இந்நகரம் இவ்வாறு எழுந்திருக்காது.